எழுதாமல் விட்ட ஐம்பது ஆண்டுகள்

சீனம் குடியரசாவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே குடியரசுச் சீனத்தின் பொன்விழாவைக் கண்டு களித்தவர் ஒருவர் உண்டு. கண்ணால் அல்ல, கருத்தால்! அவர் பெயர் லியாங் சிச்சாவ். மஞ்சு அரசு அவர் தலைக்கு விலை வைத்தது. ஜப்பானில் தஞ்சம் புகுந்தார். அங்கே, யோகோகாமா நகரில், 1902-ல் ஓர் இதழைத் தொடங்கி, அதில் 'புதிய சீனத்தின் எதிர்காலம்' என்னும் கதையை எழுதலானார்.

கதை திறப்பது 1962-ல். சீர்திருத்தத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா! நான்கிங் நகரிலே உலக நாடுகளின் தூதர்கள். ஷாங்காயிலே உலகப் பொருட்காட்சி. மேடையிலே கன்பூசியசின் வழிவந்த முதியவர் ஒருவர், கடந்த அறுபதாண்டு வரலாற்றை விரித்துரைக்கிறார். குடியரசின் முதல் தலைவர் யார் தெரியுமா? பெயரை மறைத்துச் சொன்னாலும் ஆளை மறைக்கவில்லை ஆசிரியர். 1898 முதல் அரண்மனைக்குள்ளேயே சிறைவைக்கப்பட்டிருந்த இளம் பேரரசரேதான்! முடியை இறக்கி வைத்துவிட்டுத் தலைவர் பதவியில் அமர்கிறார். காலம் முடிந்ததும் அடுத்தவருக்கு வழிவிடுகிறார். எவ்வளவு இனிய கனவு!

இக்கதையின் உயிர்ப்பகுதி மூன்றாம் அத்தியாயம் என்போம். புரட்சியா, படிப்படியான திருத்தமா என்று நண்பர் இருவர் வாதிடுகின்றனர். நாற்பதுக்கும் மேற்பட்ட மறுப்புரைகள்! ஒருவன் வாயை அடைத்து மற்றவனை வெல்லவைக்கும் மலிவான உத்தியை ஆசிரியர் கையாளவில்லை. தமக்குள்ளேயே நடந்த போரை ஏட்டிலே வைத்தார். அதற்காகவே அவரைப் போற்றலாம்.

ஆனால் கதை ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. விழாவைக் கண்டோம், வாதத்தைக் கேட்டோம், வாதத்திலிருந்து விழாவுக்குப் போகும் பாதை எங்கே? மாளிகையின் உச்சியைக் காட்டியவர் படிக்கட்டைக் கட்டவில்லை. அந்த இடைவெளியை எழுதியோர் படைத் தலைவர்கள்.

1911 அக்டோபரில் ஊச்சாங்கில் கிளர்ச்சி வெடித்தது. 1912 பிப்ரவரியில் மஞ்சு அரசு முடி துறந்தது. மார்ச்சில், வடபுலப் படைகளைக் கையில் வைத்திருந்த யுவான் ஷிகாய் தலைவரானார். பின்னர்த் தேர்தல் நடந்தது. வாக்குரிமை ஆடவருக்கு மட்டுமே, அதிலும் உடைமையோ கல்வியோ உடையவருக்கு மட்டுமே. பெண்ணினத்துக்கு அந்தக் குடியரசில் இடமில்லை! எனினும் தேர்தல், தேர்தல்தான். கோமிந்தாங் கட்சி முதலிடம் பெற்றது. மன்றத்துக்குக் கட்டுப்பட்ட அமைச்சரவை வேண்டும் என்று முழங்கி அதனை முன்னின்று நடத்திய சோங் ஜியாவ்ரென், முப்பது வயது இளைஞர். 1913 மார்ச் 20-ல் ஷாங்காய் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். இரண்டே நாளில் மறைந்தார்.

இன்றும் அக்காலத்தை மாற்றி எழுதிப் பார்க்கும் கதைகள் வருகின்றன. சோங் பிழைத்திருந்தால்? யுவான் மணிமுடிக்கு ஆசைப்படாதிருந்தால்? 1924-ல் ஊ பெய்ஃபூ வென்றிருந்தால்? கற்பனையை நாம் குறைகூறவில்லை. ஆனால் இக்கதைகள் அனைத்தும் ஆளை மாற்றுகின்றன, அமைப்பைத் தொடவில்லை. தீய தளபதியை இறக்கி நல்ல தளபதியை ஏற்றிவிட்டால் போதுமாம்! சிப்பாய்க்குக் கூலி கொடுப்பது யார் என்று எந்தக் கதையாவது கேட்கிறதா?

சோங் வீழ்ந்த மறுமாதமே யுவான் என்ன செய்தார், பாருங்கள். ஐந்து வல்லரசுகளின் வங்கிகளிடம் 2 கோடியே 50 இலட்சம் பவுன் கடன் வாங்கினார். ஈடு, உப்பு வரி. ஏழையின் கஞ்சியில் விழும் உப்பு! மன்றத்தின் ஒப்புதல்? கேட்கவேயில்லை. பணமும் படையும் ஒரே கையில் சேர்ந்தபின் மன்றம் எம்மாத்திரம்? அக்டோபரில் கூலிக் கும்பல் மன்றத்தைச் சூழ்ந்து நிற்க, உறுப்பினர்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அடுத்த சனவரியில் மன்றமே கலைக்கப்பட்டது. சோங் பிழைத்து முதலமைச்சராகியிருந்தால் அவரிடம் என்ன இருந்திருக்கும்? நாற்காலி இருந்திருக்கும், கருவூலச் சாவி இருந்திருக்காது. மாற்றி எழுத விரும்புவோர் அந்தக் கடன் பத்திரத்திலிருந்து தொடங்கட்டும். மன்றம் அன்று அதைத் தடுத்து நிறுத்தியிருந்தால் என்று எழுதட்டும். அது சுவையான கதையாக இராது, உண்மைக்கு நெருங்கியதாக இருக்கும். பத்தாண்டு கழித்து, 1923-ல், மற்றொரு தளபதி சாவ் குன், வாக்குக்கு 5,000 வெள்ளி வீதம் கொடுத்து உறுப்பினர்களையே விலைக்கு வாங்கினார். கும்பலைக் கூட்டும் தொல்லைகூட இல்லை!

லியாங் என்ன ஆனார்? கனவு கண்டவர் களத்தில் இறங்கினார். 1913-ல் யுவானின் ஆட்சியிலேயே நீதியமைச்சரானார். வல்லவன் ஒருவனைத் திருத்தி நல்லவனாக்கலாம் என்ற பழைய நம்பிக்கை! 1915-ல் யுவான் முடிசூட முனைந்தபோது அதை எதிர்த்து அஞ்சாது எழுதினார். அவருடைய மாணவர் சாய் ஏ யுன்னானில் படை திரட்டி எழுந்தார். 83 நாளில் புதிய முடியாட்சி சரிந்தது. ஆசிரியரின் எழுதுகோலும் மாணவரின் வாளும் இணைந்து வென்றன என்று நாம் மகிழலாம். ஆனால் முடியைக் கவிழ்த்தவையும் மாநிலப் படைகளே. அவை கலைந்து போகவில்லை.

1917-ல் துவான் சிரூய் என்னும் தளபதியின் அமைச்சரவையில் லியாங் நிதியமைச்சராக அமர்ந்தார். கருவூலச் சாவி கனவு கண்டவரின் கைக்கே வந்தது! துவானோ படை பெருக்க ஜப்பானிடம் கடன்மேல் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டுக்குள் அது 14 கோடியே 50 இலட்சம் யென் ஆயிற்று. லியாங் அவ்வாண்டு நவம்பரிலேயே பதவி விலகினார். பின்னர்ப் பதினோராண்டுகள் வாழ்ந்தார், ஏராளமாக எழுதினார், 1929-ல் மறைந்தார். ஆறாம் அத்தியாயத்தை அவர் எழுதவேயில்லை.