நீர் நின்ற கோடு: பாலைவன ஏரியைப் படமெடுப்பதும் ரசிப்பதும்

கலிபோர்னியாவின் கிழக்கு விளிம்பில், சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் மோனோ ஏரி இருக்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்களின் ஈரத்தை மலை தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டுவிடுவதால், கிழக்கே இருப்பது மழைமறைவுப் பாலை. அந்தப் பாலையின் வாசலில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 6,380 அடி மேலே, சுமார் 180 சதுர கிலோமீட்டருக்கு ஏரி விரிந்து கிடக்கிறது. கரையோரம் வெள்ளை வெள்ளையாய் நிற்கும் சுண்ணாம்புக் கோபுரங்களைத் தேடி நிலக்காட்சிப் படக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழு 1975-ல் வெளியிட்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தட்டோடு வந்த ஒரு படத்தில், ஒருவர் சிறு அலைகூட எழாமல் நீருக்குள் தலைகீழாய்ப் பாய்ந்து நிற்பார். அதுவும் இங்கே எடுத்ததுதான். ஆனால் மோனோ ஏரிப் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: கீழே அசையாத நீர், நடுவே கோபுரம், மேலே சிவந்த வானம். அழகில் குறைவில்லை, ஆனாலும் பத்துப் படம் பார்த்ததும் பதினொன்றாவதில் கண் நிற்பதில்லை. இந்த ஏரியை உண்மையாக ரசிக்க வானத்தையும் கோபுரத்தின் உச்சியையும் விட்டுவிட்டு, நீர் கரையைத் தொடும் கோட்டில் முதலில் கண்ணை வைக்க வேண்டும் என்பதே என் வாதம். நிலக்காட்சியும் உயிரினமும் இந்த ஏரியின் வரலாறும் ஒன்றாகக் கூடும் இடம் அந்தக் கோடு.

கோபுரங்களிலிருந்து தொடங்குவோம். இவற்றுக்கு டூஃபா என்று பெயர். மோனோ ஏரிக்குள் ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியேற வழி கிடையாது. வந்த நீர் வெயிலில் ஆவியாகிப்போக, அது கொண்டுவந்த உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. குறைந்தது 7,60,000 ஆண்டுகளாக இப்படியே சேர்ந்து சேர்ந்து, இன்று ஏரி நீரின் உப்பு கடல்நீரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காரத்தன்மையும் மிகுதி, பிஎச் அளவு 10-ஐ ஒட்டியிருக்கிறது. ஏரியின் தரையில் ஆங்காங்கே நன்னீர் ஊற்றுகள் கண் திறந்திருக்கின்றன. ஊற்று நீரில் கால்சியம் உண்டு, ஏரி நீரில் கார்பனேட் உண்டு. இரண்டும் கலக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கல் படிந்து, ஊற்றைச் சுற்றிக் குழலாக மேலே மேலே வளர்கிறது. இது முழுக்க நீருக்கடியில் மட்டுமே நடக்கிற வேலை. காற்றுப் பட்ட கோபுரம் அதற்குமேல் ஓர் அங்குலமும் வளராது. ஆகவே கரையில் 20 அடி, 30 அடி உயரத்தில் ஒரு கோபுரம் வறண்டு நிற்கிறதென்றால், அதன் உச்சிக்கும் மேலே ஒரு காலத்தில் நீர் நின்றது என்று பொருள். ஊர்க் கோயில் குளத்தில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று பார்த்தே அந்த வருடத்து மழையைச் சொல்லிவிடும் பெரியவர்கள் நம்மிடம் உண்டு. மோனோ ஏரியின் கோபுரங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அந்த நீர் எங்கே போனது? 1941-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் இந்த ஏரிக்கு வரும் ஓடைகளில் நான்கைத் திருப்பி, 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தன் குழாய்களுக்குக் கொண்டுபோனது. அப்போது ஏரியின் மட்டம் 6,417 அடி. 1982-ல் அது 6,372 அடி. நாற்பதே ஆண்டுகளில் 45 அடி இறங்கி, ஏரி தன் கொள்ளளவில் பாதியை இழந்தது. உப்பு இரு மடங்கானது. இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் தென்கரைக் கோபுரங்கள் பெரும்பாலும் இந்த இறக்கத்தில் வெளிப்பட்டவை. அதாவது நாம் அழகு என்று எடுத்துவரும் காட்சி, எடுத்துச்செல்லப்பட்ட நீரின் அளவு. இதை மனத்தில் வாங்கிக்கொண்டு அதே அந்திப் படத்தை மறுபடி பாருங்கள். கோபுரம் எவ்வளவு உயரம் என்பதோடு, அதன் காலடி நீரில் இருக்கிறதா மணலில் இருக்கிறதா, மணலில் என்றால் நீர் இன்னும் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்ற கேள்விகளும் எழும். படமெடுப்பவருக்கு இதிலிருந்து ஒரு நேரடியான பாடம் கிடைக்கிறது. வைட் ஆங்கிள் லென்ஸைத் தரையோடு தாழ்த்தி எடுத்தால் கோபுரம் விண்ணைத் தொடுவதுபோல் தெரியும். ஆனால் நீர்மட்டம் என்ற அளவுகோல் படத்திலிருந்து காணாமல் போய்விடும். கேமராவைக் கண் உயரத்தில் வைத்து, அடிவானத்தைச் சாயாமல் நிறுத்தி, கோபுரத்தின் அடியையும் அதற்கு முன்னால் கிடக்கும் வறண்ட தரையையும் வெட்டாமல் சேர்த்துக்கொண்டால் படத்துக்கு அளவும் காலமும் கிடைக்கின்றன.

உயிரினங்களைத் தேடுபவருக்கும் அதே கோடுதான் வழிகாட்டி. இந்த ஏரியில் மீன் கிடையாது. 1872-ல் வெளிவந்த ‘ரஃபிங் இட்’ நூலில் மார்க் ட்வைன் இதை ஆளரவமற்ற வெறுமையாக வருணித்தார். ஆனால் கோடையில் கரையோரம் கருநாடா விரித்ததுபோல் ஒரு பட்டை தெரியும். அது முழுவதும் ஈ. இந்தக் கார ஈக்கள் கடிப்பதில்லை, மேலே மொய்ப்பதும் இல்லை. நாம் நடந்தால் விலகி வழிவிடும். உடலெங்கும் மெழுகு பூசிய மயிர் இருப்பதால், காற்றுக் குமிழி ஒன்றைப் போர்த்துக்கொண்டு நீருக்குள் இறங்கி, பாசி தின்று, முட்டையிட்டு, நனையாமல் மேலே வருகின்றன. அவற்றின் கூட்டுப்புழுக்கள் இந்த மண்ணின் பழங்குடிகளான குட்ஸாடிகா மக்களுக்குத் தலைமுறைகளாக உணவு. நீருக்குள்ளே ஆர்ட்டீமியா என்னும் உப்பிறால், கோடையில் லட்சம் கோடிக் கணக்கில் பெருகும். நம் கடலோர இறால் பண்ணைக்காரர்கள் குஞ்சுகளுக்குத் தீவனமாக அறிந்திருக்கும் அதே இனத்தின் உறவு; ஆனால் இந்த வகை இந்த ஏரிக்கே உரியது. ஈயும் இறாலும்தான் இங்கே வந்துபோகும் லட்சக்கணக்கான பறவைகளின் சோறு. ஆகவே முதல் பாடம், டெலி லென்ஸோடு வானத்தைத் துழாவுவதற்கு முன் கரையில் மண்டியிட்டு அந்தக் கருப்புப் பட்டையை எடுப்பது. கடற்காகங்கள் அலகை அகலத் திறந்துகொண்டு அந்த ஈக்கூட்டத்துக்குள் ஓடும் காட்சியை இங்கே காணலாம். பின்னணியில் கோபுரம், நடுவில் ஓடும் பறவை, முன்னால் சிதறும் ஈக்கள்: நிலக்காட்சி தனி, வன உயிர் தனி என்ற பிரிவினை இந்த ஒரு சட்டகத்தில் செல்லாமல் போகிறது.

பறவைப் படங்களை ரசிப்பதிலும் இதே நியாயம் பொருந்தும். ஜூலையில் வில்சன் ஃபலரோப் என்னும் சிறு நீர்ப்பறவைகள் வடக்கே முட்டையிட்டு முடித்து இங்கே வந்திறங்குகின்றன. இந்த இனத்தில் பெண்ணுக்குத்தான் நிறம் தூக்கல், அடைகாப்பது ஆண். நீரில் பம்பரம்போல் சுற்றிச் சுழல் உண்டாக்கி, கீழே இருக்கும் இரையை மேலே வரவழைத்து உண்ணும். சில வாரங்களில் உடல் எடையை இரு மடங்காக்கிக்கொண்டு தென் அமெரிக்காவின் உப்பேரிகளுக்குப் பறந்துவிடும். இலையுதிர்காலத்தில் கருங்கழுத்து முக்குளிப்பான்கள் வருகின்றன. சில ஆண்டுகளில் பத்து லட்சத்தையும் தாண்டும். தின்று தின்று எடை ஏறி, பறக்கும் தசைகள் சுருங்கி, சில மாதங்களுக்கு அவற்றால் எழும்பவே முடியாது. ஏரியை விட்டால் போக்கிடம் இல்லாத நிலை. இந்தப் பறவையை மட்டும் நெருக்கமாய் எடுத்து, சுற்றியுள்ளதையெல்லாம் மங்கலாக்கி வைத்தால் சிவந்த கண் கிடைக்கும். அது எந்த ஏரிப் பறவையாகவும் இருக்கலாம். நீர் விரிவோடு ஆயிரமாயிரம் புள்ளிகளாக எடுத்தால், ஒரு முழுக் கூட்டத்தின் உயிர் ஒரே நீர்நிலையில் அடங்கியிருப்பது விளங்கும். நெருக்கப் படமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பறவைக்கு முகம் தரும் படமும் அதற்கு இடம் தரும் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்; முதலாவதை மட்டும் ரசித்துப் பழகிய கண்ணுக்கு இரண்டாவதைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏரிக்கு மேற்கே மலைச்சுவர், கிழக்கே திறந்த பாலை. விடியலில் முதல் வெயில் மலை முகட்டில் விழுந்து சிவந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். தென்கரையில் நின்று மேற்கே பார்த்தால் அது நீரிலும் தெரியும். காலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருப்பதால் பிரதிபலிப்புக்கு அதுவே நேரம். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். அப்போது எல்லோரும் மேற்கே திரும்பி நிற்க, கிழக்கு வானத்தில் இளஞ்சிவப்புப் பட்டையும் அதன் கீழே பூமியின் நீல நிழலும் எழும். அந்த மென்மையான ஒளியில்தான் வெள்ளைச் சுண்ணாம்பின் சொரசொரப்பு வெளுத்துப்போகாமல் பதியும். நேர்வெயிலில் எடுப்பதாக இருந்தால் ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளுங்கள். போலரைசரைத் திருப்பினால் நீரின் பளபளப்பு விலகி, அடியில் மூழ்கியிருக்கும் டூஃபா தெரியும். இந்த ஏரியில் அது பிரதிபலிப்பைவிட மதிப்புள்ள காட்சி. காற்றடிக்கும் நாளை வீணென்று நினைத்துக் கேமராவை மூடிவிடாதீர்கள். நீர் விலகிய படுகையிலிருந்து காரப்புழுதி வெண்புகையாய் எழுவது அப்போதுதான். தூரத்திலிருந்து, சாய்வெயிலில் எடுத்த அந்தப் புழுதிப் படம் இறங்கிய 45 அடியின் இன்னொரு முகம்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு உடனே எழும். அழகைப் பார்க்க வந்தவனிடம் நீர்ப்பங்கீட்டுக் கணக்கைக் காட்டுவது ரசனையைக் கெடுக்காதா? கெடுக்காது என்பதற்குக் காரணம் எளியது. தெரியாமல் பார்க்கும்போது கோபுரம் ஒரு விசித்திர வடிவம்; விசித்திரம் இரண்டாம் முறை பார்க்கும்போதே பாதி தீர்ந்துவிடும். தெரிந்து பார்க்கும்போது அதற்குள் ஊற்று ஓடிய துளை தெரிகிறது, நீர் நின்ற காலம் தெரிகிறது, அது போன வேகம் தெரிகிறது. பார்க்க அதிகம் இருக்கும் படத்தில் கண் அதிக நேரம் நிற்கும். அறிவு இங்கே ரசனைக்கு உணவாகிறது. துயரம் கலந்ததால் அழகு குறைந்துவிடும் என்பதும் சரியல்ல. அந்தச் சிவந்த வானம் அதே வானம்தான், அதன் கீழே என்ன நிற்கிறது என்பது மட்டும் இப்போது நமக்குத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ஒற்றைப் படத்தால் காலத்தைக் காட்ட முடியாது. விளக்கக் குறிப்பு இல்லாவிட்டால் வறண்ட கோபுரம் எப்போதும் வறண்டே இருந்ததாகத்தான் தோன்றும். இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பக்கத்து மாநிலமான நெவாடாவிலுள்ள பிரமிட் ஏரி பதில் சொல்கிறது. அரசு நில ஆய்வுக் குழு ஒன்றோடு போன திமத்தி ஓசல்லிவன் 1867-ல் அந்தப் பாலைவன ஏரியின் டூஃபா பாறைகளைப் படமெடுத்தார். 1905-ல் டெர்பி அணை கட்டப்பட்டு ட்ரக்கி ஆற்றின் நீர் திருப்பப்பட்டபின் ஏரி இறங்கத் தொடங்கியது. 1970-களின் இறுதியில் மார்க் கிளெட்டும் கூட்டாளிகளும் ஓசல்லிவன் நின்ற அதே இடங்களைத் தேடிப் பிடித்து மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் நீர் இறங்கியது யாரும் சொல்லாமலே தெரிகிறது. ஓசல்லிவன் கண்டனப் படம் எடுக்கப் போகவில்லை. கோட்டைக் கவனமாகச் சட்டகத்துக்குள் வைத்தார், அவ்வளவே. அந்தக் கவனம் நூறாண்டு கழித்துச் சாட்சியாகியது. எனவே இன்று எடுக்கும் படத்தோடு தேதியையும் நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள். ஒற்றைப் படம் ஊமை என்றால், அது இன்னொரு படத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது மறுப்பு படக்காரர்களுக்கே சங்கடமானது. நீர் மறுபடி ஏறினால் இந்தக் கோபுரங்களில் பல மூழ்கும், சில அலையில் சரியும். அப்படியானால் அழகு நம் பக்கமும் ஏரி எதிர்ப்பக்கமுமா? கோபுரங்கள் வெளியே நிற்பது உயிரினத்துக்கும் நல்லது என்பதற்கு விராலடிப்பான் என்னும் பருந்தை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. மீனே இல்லாத இந்த ஏரியில், நீர் சூழ்ந்த கோபுர உச்சிகளில் அது கூடு கட்டி, அக்கம்பக்கத்து நன்னீர் ஏரிகளிலிருந்து மீன் பிடித்து வருகிறது. ஆனால் கவனியுங்கள்: அதற்கு வேண்டியது நீர் சூழ்ந்த கோபுரம். நீர் விலகினால் கொன்றுண்ணிகள் நடந்தே வரும். 1970-களின் இறுதியில் ஏரிக்குள் இருக்கும் நெகிட் தீவு கரையோடு ஒட்டியபோது நடந்தது அதுதான். கயோட்டி நாய்கள் தீவுக்குள் நுழைய, அங்கே கூடு கட்டியிருந்த கடற்காகங்கள் தீவையே கைவிட்டன. மூழ்கும் கோபுரத்தை இழப்பாக எண்ண வேண்டியதும் இல்லை. ஊற்று இருக்கும் இடத்தில் நீருக்கடியில்தான் அது மறுபடி வளரும். நாம் காணும் அழகு இந்த ஏரியின் ஒரு பருவம் மட்டுமே. ஒரு பருவத்தை நிலைநிறுத்துவதற்காக ஏரியைப் பட்டினி போடுவது ரசனை ஆகாது.

படங்கள் இந்த ஏரிக்கு உதவியும் இருக்கின்றன. 1978-ல் டேவிட் கெய்ன்ஸும் நண்பர்களும் மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் ஸ்லைடு படங்களைத் திரையிட்டு மக்களிடம் பேசினார்கள். 1983-ல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், இத்தகைய நீர்நிலைகள் மக்களின் பொதுச்சொத்து, அவற்றைக் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. 1994-ல் மாநில நீர்வள வாரியம் ஏரியை 6,392 அடிக்கு உயர்த்த வேண்டும் என இலக்கு வைத்தது. முப்பது ஆண்டு கடந்தும் அந்த அளவு எட்டப்படவில்லை. ஆகையால் இங்கே கேமராவோடு வருபவருக்குப் பொறுப்பு உண்டு. கூடுகட்டும் காலமான ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை தீவுகளை நெருங்கத் தடை இருக்கிறது; அதை மதியுங்கள். டூஃபாவின் மேல் ஏறாதீர்கள், பறவை எழுந்து பறக்கும் அளவுக்குக் கிட்டே போகாதீர்கள், ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து பிறர் எடுத்த படங்களைப் பார்ப்பவருக்கும் ஒரு வேலை உண்டு: எந்தப் பாலைவன ஏரிப் படம் கையில் வந்தாலும் நீர் எங்கே நிற்கிறது, முன்பு எங்கே நின்றது, இடைப்பட்ட தரையில் யார் வாழ்ந்தார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தரும் படமே நல்ல படம். அதைத் தேடிப் பாராட்டும் வாசகர்கள் பெருகினால், படக்காரர்களும் சிவந்த வானத்தோடு நின்றுவிடாமல் அதை எடுக்கத் தொடங்குவார்கள்.