பன்னிரண்டு மீட்டர் நாகரிகம்

அயர்ன்மேன் டிரையத்லான் என்றதும் எல்லாரும் மலைத்துப்போவது தூரத்தைக் கேட்டுத்தான். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், கடைசியில் 42.2 கி.மீ. ஓட்டம். 1978-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேரோடு ஆரம்பித்த கூத்து இது. எனக்கு என்னவோ இதில் இன்னொரு எண்தான் முக்கியமாகப் படுகிறது: 12 மீட்டர்.

அமெச்சூர் போட்டியாளர் முன்னால் போகும் சைக்கிளிலிருந்து விட வேண்டிய இடைவெளி அது. முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை அளக்கணும். காரணம் காற்று. சமதரையில் நாம் மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிறது. வேகம் இரட்டிப்பானால் அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதில் நல்ல பங்கு மிச்சம். இதற்கு டிராஃப்டிங் என்று பேர். ஒலிம்பிக்கில் 2000 சிட்னியிலிருந்தே அனுமதி உண்டு. அயர்ன்மேனில் குற்றம், மாட்டினால் 5 நிமிடம் பெனால்டி கூடாரத்தில் நிற்கணும்.

சரி, விதி தெளிவாகத்தானே இருக்கு, என்ன பிரச்சினை என்கிறீர்களா?

தாண்டும்போதுதான் பிரச்சினை. இடைவெளிக்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் தாண்டிவிட வேண்டும். தாண்டப்பட்டவர் பின்வாங்கி மறுபடி 12 மீட்டர் விட வேண்டும். இப்போது ஒருத்தர் மூச்சைப் பிடித்து உங்களைத் தாண்டுகிறார் என்று வையுங்கள். தாண்டியதும் ஆசுவாசமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. பின்வாங்க வேண்டியது நீங்கள்தான்! இப்படி ஐந்து பேர் வந்தால் 60 மீட்டர் போச்சு. விதியை மதிக்கிறவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார். மதிக்காதவர் அவர் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வருகிறார்.

"ரோட்டில் இடமே இல்லை சார், என்ன பண்றது?" என்பது வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் அரை மணி நேரத்துக்குள் தண்ணீரிலிருந்து ஏறி, மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் போனால் அவர்கள் பரவுவது 16 கி.மீ. சாலையில். ஆளுக்கு 12 மீட்டர் என்றால் தேவை 12 கி.மீ. இடம் இருக்கிறது, ஆனால் மட்டுமட்டாக. எல்லாரும் ஒரே வேகத்தில் போவதும் இல்லை. ஆகவே புறப்பாட்டை நேரம் பிரித்து வைக்காத அமைப்பாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நெரிசல் ஒருவரைக் கும்பலுக்குள் தள்ளலாம். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பது அவர் முடிவு.

இது நேர்மை பற்றிய சண்டை மட்டும் இல்லை. இந்தச் சைக்கிள்களில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டக் கம்பிகள் உண்டு. கை அங்கே இருக்கும்போது பிரேக் கைக்கெட்டாது. முன்னால் ஒருத்தர் பாட்டிலுக்காகச் சட்டென்று வேகம் குறைத்தால் பின்னால் ஒட்டி வருபவர் கதி? காறை எலும்பு போனால் யார் பொறுப்பு? ஜோடியாகப் பேசிக்கொண்டே போய்ப் பாதையை மறிப்பவர்களும் பின்னால் பார்க்காமல் துப்புகிறவர்களும் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

அமெச்சூருக்குப் பரிசுப் பணம் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோவது தன் நேரம் ஒன்றைத்தான். உலகப் போட்டிக்கான இடமும் முன்னால் வருபவர்களுக்குத்தான். ஒட்டிக்கொண்டு வந்தவர் அதைப் பறித்தார் என்பது பறிகொடுத்தவருக்குத் தெரியவே தெரியாது. 180 கி.மீ. முழுக்க நடுவரை நிறுத்த முடியாது.

கேட்பது ரொம்பப் பெரிசில்லை. அந்த வேகத்தைத் தக்கவைக்க முடியும் என்றால் மட்டும் தாண்டுங்கள். முடியாவிட்டால் பின்னாலேயே வாருங்கள், 12 மீட்டர் தள்ளி.