காற்றாலையின் ஆட்டத்தை எப்படி ரசிப்பது?

வைகாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால், பல்லடம் தாண்டி கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் என எந்தப் பக்கம் போனாலும் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும் சுற்றுவட்டார நூற்பாலைகளும் தங்கள் கரண்ட் தேவைக்கென நிறுத்தியவை அவற்றில் ஏராளம். எல்லோர் கண்ணிலும் படுவது சுற்றுவது மட்டும்தான். கோபுரமும் றெக்கைகளும் ஒன்றையொன்று ஆட்டிக்கொண்டே இருப்பது படுவதில்லை. எனக்கு அந்த ஆட்டம்தான் அழகு.

கண்ணை வீட்டிலேயே பழக்கலாம். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நூலைச் சற்றுத் தொய்வாகக் கட்டுங்கள். அதிலிருந்து ஒரே நீளத்தில், ஒரே எடையுள்ள இரண்டு பூட்டுகளைத் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் குறுக்குவாட்டில் ஆட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்து, சும்மா தொங்கிய மற்றது ஆடத் தொடங்கும். பிறகு ஆட்டம் முதல் பூட்டுக்கே திரும்பும். இப்போது இரண்டையும் ஒரே பக்கம் இழுத்து ஒன்றாக விடுங்கள். ஆட்டம் கைமாறாது. எதிரெதிராக இழுத்து விட்டாலும் மாறாது, வேகம் மட்டும் சற்று வேறுபடும். பொறியாளர்கள் ‘மோட்’ என்று சொல்வது இந்த இரண்டு ஆட்டங்களைத்தான். இவை எந்தப் பூட்டுக்கும் சொந்தமல்ல, பூட்டும் நூலும் சேர்ந்த அமைப்புக்குச் சொந்தம்.

காற்றாலையிலும் இதே கதைதான், உறுப்புகள் மட்டும் அதிகம். கோபுரம் முன்னும் பின்னும் ஆடும், பக்கவாட்டிலும் ஆடும். றெக்கை அதன் தட்டையான பக்கமாக வளையும், விளிம்புப் பக்கமாகவும் வளையும். அமெரிக்காவின் என்.ஆர்.இ.எல். ஆய்வகம் 2009இல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரி எந்திரம் உலகெங்கும் மாணவர்களுக்குப் பாடம். 87.6 மீட்டர் உயரமுள்ள அதன் கோபுரம் முன்பின்னாக நொடிக்கு 0.32 முறை ஆடும், அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று நொடி. பக்கவாட்டு ஆட்டமும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். றெக்கைகளின் தட்டை வளைவு 0.67க்கு அருகில், விளிம்பு வளைவு 1.08க்கு அருகில்.

அதே ஆய்வகத்தின் ஓப்பன்ஃபாஸ்ட் மென்பொருள் இலவசம். அது கணக்கிட்ட ஆட்டங்களைப் பாராவியூ என்ற காட்சி மென்பொருளில் அசையும் படமாக ஓட்டலாம். முதலில் படத்தின் அளவை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று வளைவைப் பல மடங்கு பெருக்கியிருப்பார்கள். எந்த உறுப்பு எதைவிட எத்தனை பங்கு அதிகம் நகர்கிறது, எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதை மட்டும் பாருங்கள். கோபுரத்தின் முன்பின் ஆட்டத்தில் றெக்கைகளும் கூடவே சாய்கின்றன, நுனிகள் கோபுரத் தலையைவிட அதிகமாக. கோபுர ஆட்டம் என்று பெயர் வைத்தாலும் றெக்கை அதில் பங்காளி.

இதில் என்னை அதிகம் கட்டிப்போடுவது சுழல் ஆட்டம். மூன்று றெக்கைகளும் விளிம்புப் பக்கமாக ஒரே வேகத்தில் ஆடுகின்றன, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் தள்ளி. அதனால் மூன்றின் எடை மையம் சிறு வட்டமிட்டு, கோபுரத் தலையை இழுத்தடிக்கிறது. அந்த வட்டம் சுற்றும் திசையிலும் போகலாம், எதிர்த்திசையிலும் போகலாம். நிமிடத்துக்கு 12 சுற்று, அதாவது நொடிக்கு 0.2 சுற்று ஓடும் அந்த மாதிரி எந்திரத்தில், றெக்கையோடு சேர்ந்து சுற்றுபவருக்கு ஏறத்தாழ 1.08 ஆகத் தெரியும் ஆட்டம், தரையில் நிற்பவருக்கு 0.88, 1.28 என இரண்டாகப் பிரிந்து தெரியும். பார்வையை ஒருமுறை றெக்கையோடு சேர்த்துச் சுற்றவிட்டும், ஒருமுறை தரையில் நிறுத்தியும் இதே படத்தை ஓட்டிப் பாருங்கள். நிற்கும் படத்தில் இது பிடிபடவே படாது. யார் முதலில் உச்சிக்குப் போகிறார், யார் அடுத்தது என்ற வரிசைதான் இங்கே எல்லாம்.

இது வெறும் அழகு விஷயமும் இல்லை. 1990களில் ஐரோப்பாவில், றெக்கைக் கோணத்தைத் திருப்பாமல் காற்றோட்டம் பிய்ந்துபோவதை வைத்தே வேகம் அடக்கிய எந்திரங்கள் சிலவற்றில், பலத்த காற்றில் விளிம்பு ஆட்டம் அடங்காமல் வளர்ந்தது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வக ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தபோது, கோபுரத் தலையின் அசைவும் சேர்ந்தே அந்த வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. றெக்கையை மட்டும் தனியே சோதித்திருந்தால் தெரிந்திருக்காது.

நேரில் பார்க்க ஆனி, ஆடி ஏற்ற காலம். பழைய குட்டை எந்திரங்கள் வேண்டாம், உயரமான புதியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பொதுச் சாலையோரத்தில், றெக்கை வட்டம் ஒரு கோடாகத் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். போனை அசையாமல் ஒரு மதில்மேல் வைத்து, கோபுரத்தின் உச்சி விளிம்பு திரையின் ஓரத்தை ஒட்டி நிற்கும்படி பெரிதாக்கிப் படமெடுங்கள். ஓடும்போது முன்பின் ஆட்டம் குறைவாகவே தெரியும், சுழலும் றெக்கைகள்மேல் படும் காற்றே அதை அடக்கிவிடுகிறது. எந்திரம் சட்டென நிற்கும் தருணத்துக்குக் காத்திருங்கள். றெக்கைகள் திரும்பிக் காற்றின் தள்ளல் விலகியதும், பின்னால் சாய்ந்திருந்த கோபுரம் முன்னே வந்து பின்னே போகும். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். றெக்கை காற்றுக்கு விளிம்பு காட்டி நிற்பதால், இப்போது அதன் தட்டைப் பக்கம் தடுப்பது பக்கவாட்டு ஆட்டத்தை. முன்பின் ஆட்டம் அடங்கக் கூடுதல் நேரமாகும்.