பாழ்நிலத்தில் சிண்ட்ரெல்லா என்ன சாப்பிடுவாள்?

ஃபால்அவுட் விளையாட்டின் உலகத்துக்குள் டிஸ்னி இளவரசிகளைக் கொண்டுபோய் நிறுத்தும் ரசிகர் ஓவியங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். எரிந்துபோன நகரம், துருப்பிடித்த கார்கள், நடுவில் ஸ்னோ ஒயிட். உடம்பில் நீல நிற வால்ட் உடை, கையில் லேசர் துப்பாக்கி, கன்னத்தில் கொஞ்சம் கரி. உதட்டுச்சாயம் மட்டும் கலைந்திருக்காது. எனக்கு இவை ரொம்பப் பிடிக்கும். அப்படி ஒரு படம் இரண்டு வருடமாக என் லேப்டாப்பில் வால்பேப்பர். 'இளவரசனுக்காகக் காத்திருக்காத பெண்' என்று நண்பர்களுக்கு அனுப்பியும் இருக்கிறேன்.

போன மாதம், எட்டாவது படிக்கும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவகிட்ட ஒரு பைகூட இல்லையே, என்ன சாப்பிடுவா?" என்று கேட்டாள். "அங்க டப்பா சாப்பாடு கிடைக்கும்மா" என்று சமாளித்தேன். ஆனால் கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது. பழைய கதைகளை எடுத்து மறுபடி படித்தேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: ஃபால்அவுட் 1997இல் தொடங்கிய தொடர். கதைப்படி 2077 அக்டோபர் 23 அன்று அணுப்போரில் உலகம் அழிகிறது. வால்ட்-டெக் என்ற கம்பெனி கட்டிய நிலவறைகளில் சிலர் பிழைக்கிறார்கள். அந்த நிலவறைகள்தான் வால்ட்கள். அவற்றில் பல, உள்ளே இருப்பவர்களை வைத்து நடத்திய பரிசோதனைகள் என்பது பிறகுதான் தெரியவரும். வருடம் 2077 என்றாலும் கார், விளம்பரம், பாட்டு எல்லாம் 1950களின் அமெரிக்கா மாதிரியே இருக்கும்.

ஓவியர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் போடுவது நீல மேலுடை, மஞ்சள் பாவாடை. வால்ட் உடையும் நீலம், மஞ்சள்தான். இதைக் கவனித்து வரைபவருக்குக் கண் இருக்கிறது. பிரச்சினை வேறு இடத்தில். பெரும்பாலான படங்கள் நம்பியிருப்பது ஒரே ஒரு விஷயத்தை: முரண். இந்தப் பக்கம் இனிப்பு, அந்தப் பக்கம் அழிவு. இரண்டுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு வேடிக்கை. ஆனால் அந்தத் தூரம் உண்மையில் இல்லை என்பதுதான் என் வாதம்.

முதலில் காலம். டிஸ்னியின் சிண்ட்ரெல்லா 1950, ஸ்லீப்பிங் பியூட்டி 1959. ஃபால்அவுட் கேலி செய்யும் அந்தப் 'புன்னகைக்கும் அமெரிக்கா' இதே பத்தாண்டுதான். இன்னும் ஒன்று. 1957இல் டிஸ்னியே 'அவர் ஃப்ரெண்ட் தி ஆட்டம்' என்று ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தது. மீனவன் வலையில் சிக்கிய புட்டி, அதற்குள் அடைபட்ட பூதம் என்ற பழைய கதையைச் சொல்லி, அணுசக்திதான் அந்தப் பூதம், பக்குவமாகக் கையாண்டால் வரம் தரும் என்று விளக்கியது. தேவதைக் கதையையும் அணுவையும் ஒட்டவைக்கும் வேலையை இளவரசிகளின் கம்பெனியே அப்போதே செய்துவிட்டது. ஃபால்அவுட் காட்டுவது, பூதம் புட்டிக்குள் திரும்பாத கதையை.

அடுத்தது தூக்கம். 2015இல் வந்த ஃபால்அவுட் 4இல், சுத்திகரிப்பு என்று சொல்லிக் குடும்பத்தோடு ஒரு பெட்டிக்குள் ஏற்றுவார்கள். உண்மையில் அது உறைய வைக்கும் பெட்டி. நாம் விழித்து வெளியே வருவது 210 வருடம் கழித்து. நகரம் பாழ். ஆனால் ரேடியோவில் 1940கள், 50களின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட தூங்கும் அழகியின் கதையைப் படித்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. நூறு வருடம் கழித்து எழுந்தவளின் உடை பாட்டி காலத்து உடை மாதிரி இருக்கிறது. இளவரசன் நாகரிகமாக வாயை மூடிக்கொள்கிறான். விருந்தில் வாசிக்கப்படும் இசையோ, நூறு வருடமாக யாரும் வாசிக்காத இசை! கதையின் பின்பாதியில் வரும் மாமியார் பேரப்பிள்ளைகளையே தின்னத் துடிக்கும் அரக்கி. இதைவிடப் பாழ்நிலம் வேறென்ன வேண்டும்?

டிஸ்னி படத்தில் இந்த நூறு வருடம் கிடையாது. இளவரசன் சீக்கிரமே வந்து எழுப்பிவிடுகிறான். ஓவியர்கள் டிஸ்னியிலிருந்து தொடங்குவதால், இரண்டு உலகத்தையும் உண்மையாகவே இணைக்கும் கம்பி அவர்கள் கைக்கு வருவதே இல்லை. முகத்தையும் உடையையும் எடுக்கிறார்கள், கதையை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது மகள் கேட்ட சாப்பாடு. ஃபால்அவுட் 4இல் எதைத் தின்றாலும் ஒரு கணக்கு உண்டு. உயிர்ப்புள்ளி ஏறும். பல உணவுகளில் கதிர்வீச்சும் கூடவே ஏறி, மொத்த உயிர்ப்புள்ளியின் உச்சவரம்பைத் தின்னும். என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு மாறிகள் ஒரே சமயத்தில் மாறுகின்றன. கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் கதையில் ராணி தயாரிக்கும் ஆப்பிளும் அப்படித்தான்: சிவப்புப் பாதியில் மட்டும் விஷம். வெள்ளைப் பாதியை ராணியே தின்று காட்டுகிறாள். பசிக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு கடி. ஆப்பிளில் கதிர்வீச்சுச் சின்னம் ஒட்டிய படங்கள் வருவதுண்டு. அது வெறும் ஸ்டிக்கர். அதைக் கையில் வைத்துக்கொண்டு 'தின்னலாமா?' என்று தயங்கும் ஒரு முகம் வேண்டும்.

ஹான்சல், கிரெட்டல் கதை தொடங்குவதே பஞ்சத்தில்தான். 1812ஆம் ஆண்டின் முதல் பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்பவள் பெற்ற தாய். பிற்பாடுதான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ரொட்டி இல்லாத வீட்டில் பெற்றவர்கள் எடுக்கும் அந்த முடிவைப் பார்த்தால், குழந்தைகளுக்கான கதை என்றா தோன்றுகிறது?

இங்கேதான் துப்பாக்கி எனக்கு உறுத்துகிறது. பலவீனமானவளுக்குப் பலம் கொடுப்பதாக நினைத்து அதைக் கையில் திணிக்கிறோம். அவளிடம் ஏற்கெனவே இருந்த பலத்தை அது மறைத்துவிடுகிறது. கிரெட்டல் சூனியக்காரியை வென்றது ஆயுதத்தால் அல்ல. அடுப்பைப் பார்க்கத் தெரியாத மாதிரி நடித்து, 'நீயே காட்டு' என்று சொல்லி உள்ளே தள்ளினாள். கிரிம் கதையின் சிண்ட்ரெல்லா சாம்பலில் கொட்டிய பருப்பைப் பொறுக்கியவள். ஃபால்அவுட் 4இல் நாம் மணிக்கணக்கில் செய்வதும் அதுவேதான்: குப்பையைக் கிளறி, பழைய மேசை விசிறியிலிருந்து திருகாணியும் டக்ட் டேப்பிலிருந்து பசையும் எடுப்பது. அந்த உலகத்தில் நிஜமாகவே பிழைக்கக்கூடியவள் அவள். அவளுக்குப் போய் லேசர் துப்பாக்கியா?

'சும்மா ஒரு ரசிகர் படம், இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?' என்று கேட்கலாம். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு படமும் தீர்மானிக்கிறது. பசியை விட்டுவிட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டதை நான் இரண்டு வருடம் முன்னேற்றம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தவறில் என் பங்கும் உண்டு.

மகளுக்குப் பருப்புக் கதையைச் சொன்னேன். "அப்போ கையில ஒரு முறம் வரைஞ்சிருக்கலாம்ல?" என்றாள். அப்படி ஒரு படம் கிடைக்கும்வரை பழைய வால்பேப்பரே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். நீங்கள் எங்காவது பார்த்தால் அனுப்புங்கள்.