கறிவேப்பிலை மூட்டில் மூன்று தலைமுறை

நெய்யூர்ப் பக்கம் கிணற்றடியிலோ அடுக்களை வாசலிலோ ஒரு கறிவேப்பிலை நிற்காத வீடு அபூர்வம். புழு பார்க்கத் தொடங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் என்பதால், ஆனியிலும் ஐப்பசியிலும் மழை விட்டுக் கொழுந்து தள்ளும்போது தேடலாம்.

ஆனால் தனியாகத் தேடாதீர்கள். கறிவேப்பிலைப் புழு, அதாவது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு, எலுமிச்சையைத் தின்னும், வில்வத்தைத் தின்னும். பக்கத்தில் நிற்கிற செம்பருத்தியைச் சீண்டாது. பெரும்பாலான புழுக்களுக்கும் இப்படித் தனித்தனிச் செடி உண்டு. ஆக, புழுவைப் பிடிக்கச் செடி தெரிந்திருக்கணும். விளையோரத்துப் புதரில் எது எருக்கு, எது ஈசுவரமூலி என்று பாட்டியைத் தவிர வீட்டில் யாருக்குத் தெரியும்? பேரப்பிள்ளையின் கண்ணோ இலையின் அடிப்பக்கத்துக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள அப்பா அம்மா செல்போனில் படம் எடுத்தால் போதும். அவர்கள் பாடம் நடத்தத் தொடங்கினால் பிள்ளை ஓடிவிடும்.

முதலில் இலையில் கடித்த தடத்தைப் பாருங்கள். அதன் கீழே கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடந்தால், நேர் மேலே ஆள் இருக்கிறது. கொழுந்தில் கடுகளவில் வெளிர்மஞ்சள் முத்து ஒட்டியிருந்தால் அது முட்டை. மூன்று நான்கு நாளில் வெளியே வரும் புழு முதலில் தின்பது பெரும்பாலும் தன் முட்டை ஓட்டைத்தான். இளம்புழு இலையின் மேல் வெள்ளையும் பழுப்புமாகக் கிடக்கும். பறவை எச்சம் என்று குருவி விட்டுவிடும், நாமும் விட்டுவிடுவோம். நான்காவது தோலையும் உரித்த பிறகு ஒரேயடியாகப் பச்சையாகிறது. முதுகின் முன்பக்க மேட்டில் இரண்டு கண்கள் முறைக்கும். அவை வெறும் புள்ளிகள். உண்மையான தலை அதற்கும் கீழே, சிறிதாக மடங்கியிருக்கும். இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது இலை தின்பதைப் பார்த்துப் பிள்ளையே வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும்.

ஒரு புல் நுனியால் முதுகை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து கவைத்த கொம்பு ஒன்று பிதுங்கி வரும். கறிவேப்பிலை அழகிக்கு அது நல்ல சிவப்பு. கூடவே ஒரு புளித்த வாடை. எறும்பை விரட்டத்தான் இந்த ஏற்பாடு. ஒரு தடவை போதும். பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும், விடக்கூடாது.

அடுக்களைத் தகராறும் வரும். கடைசிக் கட்டத்தில்தான் புழு அதிகம் தின்னும்; சின்னக் கன்றென்றால் மொட்டையாகிவிடும், அவியலுக்கு இலை இருக்காது. பாட்டி கோபிப்பதில் நியாயம் உண்டு. கொப்போடு ஒடித்து எலுமிச்சையில் கொண்டு வைத்தால் இரு தரப்புக்கும் சமாதானம். கடைக் கறிவேப்பிலையை மட்டும் தீனியாகக் கொடுக்காதீர்கள். அதில் மருந்து அடித்திருக்கலாம்.

முருங்கை மூட்டில் அப்பிக் கிடக்கிற கம்பளிப்புழுவுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. "மக்களே, தொட்டுராத, சொறியும்" என்று பாட்டி சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை. எருக்கம்பாலும் கண்ணில் படக்கூடாது. எருக்கில் கருப்பும் மஞ்சளுமாக வரியோடுகிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவைக் கையைக் கட்டிக்கொண்டே ரசிக்கலாம்.

குடும்பமாகப் புழு பார்ப்பது பழைய வேலைதான். ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் 13 வயதிலேயே பட்டுப்புழுவைக் கவனிக்கத் தொடங்கியவர். 1699இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். புழுக்களைச் செடிகளோடு சேர்த்தே வரைந்த புத்தகம் 1705இல் வந்தது. மகள்கள் இருவரும் தூரிகை பிடித்தவர்கள்.

புழு திடீரெனத் தீனியை விட்டு அலைந்தால் கூடு கட்டப் போகிறது என்று அர்த்தம். இடுப்பில் ஒரு பட்டுநூல் வளையம் போட்டுச் சாய்ந்து நிற்கும். பச்சைத் தண்டில் பச்சைக் கூடாகவும், காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் பெரும்பாலும் அமையும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, காலையில் பல் தேய்க்கும் நேரத்திலேயே பாருங்கள். தலைப்பக்கம் பிளந்திருந்தால் அழகி பறந்துவிட்டாள். பக்கவாட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் உள்ளே வளர்ந்தது குளவி. கூட்டில் பொடிக்குளவி முட்டையிட்டிருக்கிறது. இரண்டில் எது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். குளவி என்றால் அழுகை வரலாம். அதற்காக மறைக்க வேண்டாம். அந்தக் குளவி இல்லாவிட்டால் கறிவேப்பிலைக்கு என்ன கதியாகும் என்று பாட்டியே சொல்லிவிடுவாள்.