எட்டுக் கால் போதும்

ஏடி-டைனி 85 என்ற மைக்ரோகண்ட்ரோலர் சில்லு பார்க்க ஒரு கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும். எட்டே கால். நிரலுக்கு 8 கிலோபைட், மாறிகளுக்கு 512 பைட். இதில் என்ன எழுதிவிட முடியும் என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் எழுதிப் பார்த்ததில்லை. மாடித் தொட்டி நிரம்பியதும் கத்துகிற அலாரத்துக்கு இதன் தம்பி டைனி 13-இன் ஒற்றைக் கிலோபைட்டே தாராளம்.

இதில் நிரலை ஏற்றத் தனியாக புரோகிராமர் வாங்காதீர்கள். மேசையில் சும்மா கிடக்கும் ஆர்டுயினோ ஊனோவில் 'ஆர்டுயினோ ஐ.எஸ்.பி.' நிரலை ஏற்றி, பிரெட்போர்டில் ஆறு ஒயர் செருகினால் சரி. ஊனோவின் 10-ஆம் முனை சில்லின் முதல் காலுக்கு. 11, 12, 13 மூன்றும் வரிசையாக 5, 6, 7-க்கு. மிச்சம் இரண்டு ஒயர் மின்சாரத்துக்கு. பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். (இதை மறந்துவிட்டு ஒயரைத் திட்டிய இரவுகள் எனக்கு உண்டு.)

சில்லில் நிரலை ஏற்றியானதும் ஒயர்களைப் பிடுங்கிவிடலாம். மூன்று பென்சில் பேட்டரியில் சில்லு தன் பாட்டுக்கு ஒரு எல்.இ.டி.யைக் கண் சிமிட்ட வைக்கும். அந்த முதல் சிமிட்டலைப் பார்க்கத்தான் இத்தனையும்.

ஒன்று மட்டும்: ரீசெட் காலை அணைக்கும் 'ஃபியூஸ்' அமைப்பைத் தொடாதீர்கள். அப்புறம் இந்த ஆறு ஒயருக்குச் சில்லு மசியாது. 12 வோல்ட் கேட்கும்.