திரௌபதியைத் தேடிய பேராசிரியர்: ஆல்ஃப் ஹில்டபைட்டலின் ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஓரிக்கையிலிருந்து பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் செல்லும் வட்டாரத்தில் ‘பாரதம் வைத்தல்’ என்னும் தொடர் ஒரு கோயில் திருவிழாவை மட்டும் குறிப்பதன்று. பகலில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். இரவு முழுவதும் கூத்து நிகழும். படுகளத்தன்று காலையில், தரையில் மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்தப்பட்ட துரியோதனன் உருவின் தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி. வடதமிழகம் முழுவதும் காணப்படும் இவ்வழிபாட்டை உலகச் சமயவியல் ஆய்வின் மையத்திற்குக் கொண்டு சென்றவர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் (1942–2023).

அவர் களத்திலிருந்து நூலுக்கு வந்தவர் அல்லர். நூலிலிருந்து களத்திற்கு வந்தவர். 1976இல் வெளியான அவரது முதல் நூல், வடமொழி மகாபாரதத்தை இந்தோ-ஐரோப்பியத் தொன்மங்களோடு ஒப்பிட்டது. அதன்பின் அவர் தமிழகத்தில் மேற்கொண்ட களப்பணியின் பயனாகத் திரௌபதி வழிபாடு பற்றிய இரு பெருந்தொகுதிகள் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தன. நாட்டார் பாரதம் வியாசரின் சிதைந்த வடிவம் என்னும் கருத்தை இத்தொகுதிகள் ஏற்கவில்லை. கூந்தல் முடிப்பை எடுத்துக்கொள்ளலாம். பகைவர் குருதி பூசிக் கூந்தல் முடிக்கும் சபதம் வியாச பாரதத்தில் வெளிப்படையாக இல்லை. பட்ட நாராயணரின் வடமொழி நாடகத்திலும் பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் அது உண்டு. படுகளச் சடங்கிற்கோ அதுவே உயிர்நிலை. சிற்றூர்ச் சடங்கு காவியத்திற்கு எழுதப்பட்ட ஓர் உரையாகவும் அமையும் என்று அவர் காட்டியது, தமிழ் நாட்டார் வழக்காற்றியலுக்குக் கிடைத்த பெரும் பேறு.

ஆயினும் அந்த வாசிப்புமுறையிலேயே ஒரு சிக்கலும் உள்ளது. திரௌபதியின் காவலனான போத்துராசாவின் பின்னணியில் அவர் எருமையசுரனைக் காண்கிறார். சடங்குக் கம்பத்தில் வேதகால வேள்வித்தூணைக் காண்கிறார். இணைப்புகள் நுட்பமானவை, சில வியக்கவும் வைக்கின்றன. ஆனால் பூசாரியும் கூத்தரும் இப்பொருளை ஏற்பார்களா என்னும் கேள்வி பல இடங்களில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இசுலாமியக் காவலனான முத்தால ராவுத்தன் பற்றிய பகுதி இதற்கு விலக்கு. அங்கே வட்டார வரலாறு முன்னே நிற்பதால் வாதமும் உறுதியாக நிற்கிறது.

செஞ்சி வட்டாரத்தை அவர் இவ்வழிபாட்டின் மூலமையமாகக் கொண்டதும் மறுவாசிப்புக்கு உரியது. மையம் ஒன்று வரையறுக்கப்பட்டவுடன் செய்யாறு, காஞ்சிபுரம், உத்திரமேரூர்ப் பகுதிகள் பரவலின் விளிம்புகளாகத் தோன்றிவிடுகின்றன. வழிபாட்டின் தோற்றம் பற்றிய கேள்விக்கு அது விடையாகலாம். தொழில்முறைக் கூத்துக் குழுக்கள் செறிந்து வாழும் ஒரு பகுதியின் கலை வாழ்வை அதனால் விளக்க இயலாது.

இவ்விடைவெளியை நிரப்பியவர் நெதர்லாந்து ஆய்வாளர் ஹன்னே டி புருயின். கூத்தைச் சடங்கு அரங்காகவே கண்ட ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் நூல் 1990இல் வந்தது. டி புருயினோ கூத்தை நெகிழ்வுடைய ஒரு தொழில்முறைக் கலையாக அணுகினார். பாரத விழாவில் ஆடப்படும் ‘கர்ண மோட்சம்’ நீத்தார் சடங்கிலும் ஆடப்படுகிறது. இடம் மாற, பயனும் மாறுகிறது. ஆகவே கூத்தின் பொருளைத் திரௌபதி கோயிலுக்குள் மட்டும் தேடுவது போதாது. தாம்பூலம் மாற்றி ஆட்டம் பேசுவது, ஊரார் விருப்பம், குழுவிற்குள் உரிமையும் கடமையும் ஆகியவை அவரது ஆய்வில் இடம்பெறுகின்றன. ஹில்டபைட்டலின் பக்கங்களில் பொருளுரைக்கும் சான்றாக நின்ற கூத்தர், இங்கே கூலியும் புகழும் வேண்டும் தொழிலாளியாகவும் நிற்கிறார்.

டி புருயினின் நிலைப்பாடும் வினாவிற்கு அப்பாற்பட்டதன்று. 1990இல் கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் உள்ளிட்டோருடன் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாவதில் அவர் பங்கேற்றார். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலமும் தொடங்கப்பட்டது. அங்குச் சிறுமியரும் கூத்துப் பயின்றனர். ஆடவரே பெண்வேடம் புனைந்த ஒரு மரபில் இது சிறிய மாற்றமன்று. புஜக்கட்டை, கிரீடம் முதலிய மரத்தாலான அணிகளால் வந்த ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரை இவ்வட்டாரக் கலைஞர் பலர் விரும்புகின்றனர். ‘தெரு’ என்பதில் இழிவு தொனிப்பதாகக் கருதுகின்றனர். செய்யாற்றை அடுத்த புரிசை மரபினரோ ‘தெருக்கூத்து’ என்றே பெருமையுடன் வழங்குகின்றனர். ஆய்வாளர் ஒரு பெயரைத் தேர்ந்து நூலின் தலைப்பாக்கும்போது அவர் அவ்வழக்கிற்குள் ஒரு தரப்பாகிவிடுகிறார். செஞ்சியை மையமாக்கிய ஹில்டபைட்டலிடம் கேட்கப்படும் அதே கேள்வியை இப்பெயர்த் தேர்விடமும் கேட்டாக வேண்டும்: இந்த வரையறையால் எந்தக் குழுவிற்கு அடுத்த ஆட்டம் கிடைக்கிறது, எந்தக் குழுவிற்குக் கிடைக்காமற்போகிறது?